மேகத்தில் உட்கார்ந்த கருவாட்டுக்காரி

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரப் புகைப்பட மன்றத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். வாரம் முழுக்க லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள், பல் பிடுங்குபவர்கள், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருபவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லோரும் கலைஞர்கள். 2010-இல் கண்காட்சிக்குக் கொடுத்த தலைப்பு, 'சந்தையில் பல்லின வாழ்க்கை'. ஒருவர் இஸ்தான்புல் போனார், இன்னொருவர் ஹனோய் போனார். லிஃப்ட் பழுது பார்ப்பவனாகிய நான் கடலூருக்குப் போனேன். மனைவியின் பிறந்த வீடு மஞ்சக்குப்பத்தில் இருப்பதற்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்று மன்றத்தில் சொல்லி வைத்தேன். ஒருவரும் நம்பவில்லை.

மாமியாருக்குக் கோடாலித் தைலம் ஆறு பாட்டில், எனக்கு லென்ஸ் மூன்று. அந்த மூன்றில் ஒன்றின் மேல்தான் எனக்கு உயிர். எதைப் படமெடுத்தாலும் முகத்தை மட்டும் கூர்மையாக வைத்துக்கொண்டு, பின்னால் இருப்பதையெல்லாம் வெண்ணெயாக உருக்கிவிடும். குப்பைத்தொட்டி முன்னால் நிற்பவரும் சொர்க்கத்தில் நிற்பதுபோல் தெரிவார். மன்றத்தில் இதற்குப் பெயர் கலை.

முதல் நாள் காலை மச்சான் சேகர் தயாராக நின்றான். மனைவியின் தம்பி, உரக்கடையில் வேலை. எனக்காக நான்கு நாள் லீவு போட்டிருந்தான். கையில் கடையிலிருந்து கொண்டுவந்த நீளமான நோட்டு.

"மாமா, நீங்க படம் மட்டும் புடிங்க. யாரு, என்னா பேரு, என்னா விக்கிறாங்க, எல்லாத்தையும் நான் எழுதிக்கிறேன்" என்றான்.

நான் காக்கி நிறத்தில் எட்டுப் பை வைத்த கால்சட்டை அணிந்திருந்தேன். கழுத்தில் மன்றத்தின் அடையாள அட்டை நாடாவில் தொங்கியது. கண்ணாடியில் பார்த்தபோது போர்முனைக்குப் போகும் பத்திரிகைக்காரன் போலத் தோன்றியது. மற்றவர்கள் கண்ணுக்கு வேறு எப்படியோ தோன்றும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சேகரின் டிவிஎஸ் ஐம்பது கெடிலம் பாலத்தின் நடுவில் செயின் கழன்று நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ரயில் மூன்று நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே சேகர் வண்டியை ஒரு உதை உதைத்துவிட்டு, "தள்ளுங்க மாமா" என்றான். கலைஞன் தள்ளினான்.

முதுநகர் மார்க்கெட் தெருவில் இறங்கியதும் எனக்கு வாயெல்லாம் பல். பல்லினம் என்று நான் சிங்கப்பூரில் மனுப்போட்டுக் கேட்டது அத்தனையும் ஒரே தெருவில் கிடந்தது. அடகுக் கடை வாசலில் சேட்டு ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். வேளாங்கண்ணி மாதா படம் மாட்டிய சைக்கிளில் ஒருவர் மெழுகுவத்தி விற்றார். வளையல் கடைக்காரர் பெண்டாட்டியோடு தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு, எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். பூட்டிக்கிடந்த பழைய கிடங்கின் மூலையில், சன்ஷேடு நிழலில், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கருவாடு பரப்பியிருந்தாள். பெயர் அஞ்சலை. அவளுக்குப் பக்கத்தில் கயிறும் அத்தரும் விற்கும் காதர் பாய்.

"அத்தர் விக்கிற எடத்துல கருவாட்ட வெச்சா எவன் என் கடைக்கு வருவான்? ஜாஸ்தி நாறுது" என்றார் பாய்.

"நீ பாட்டில தொறந்து வெச்சா என் நெத்திலி வாசம் போவுது பாய். கேட்டா நாந்தான் நாறுறேனாம்" என்றாள் அஞ்சலை.

பதினைந்து வருடமாக இதே சண்டையாம். பல்லின நல்லிணக்கம் என்று நோட்டில் எழுதச் சொன்னேன். சேகர் 'கருவாடு, அத்தர், தகராறு' என்று எழுதினான்.

உயிரான லென்ஸை மாட்டி அஞ்சலையை எடுத்தேன். முதல் படம். காலை வெளிச்சம் அவள் கன்னத்தில் பட, மூக்குத்தி மின்ன, அப்படி ஒரு படம் என் வாழ்நாளில் வந்ததில்லை. அப்படியே பாயை, சேட்டை, மெழுகுவத்திக்காரரை என்று பதினாலு படம் எடுத்திருப்பேன். அதற்குள் எவனோ கத்தினான்.

"டேய், போட்டோ புடிக்கிறாங்கடா! நோட்டும் கையுமா வந்துட்டாங்க!"

அதற்குப் பிறகு நடந்ததை என் கண்ணே நம்பவில்லை. தார்ப்பாய்கள் சுருண்டன. நடைபாதையில் நீட்டியிருந்த பலகைகள் கடைக்குள் ஓடின. தக்காளிக் கூடைகள் தலைகளில் ஏறின. தெலுங்குச் சண்டைத் தம்பதி ஒற்றுமையாகத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் மறைந்தார்கள். அஞ்சலை கருவாட்டோடு சாக்கையும், முனையில் வைத்திருந்த செங்கல்லையும்கூட முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள். ஐந்தே நிமிடத்தில் இரண்டு லாரி அருகருகே போகலாம் போல அகலமான, சுத்தமான, ஆளில்லாத ஒரு தெரு எனக்கு முன்னால் கிடந்தது. தெரு வாழ்க்கையைப் படமெடுக்கக் கடல் தாண்டி வந்தவன், சிங்கப்பூரிலேயே இல்லாத வெறும் தெருவின் நடுவில் நின்றேன்.

ரோட்டை ஆக்கிரமித்துக் கடை போட்டவர்களைக் காலி செய்யப் போகிறார்கள் என்று இரண்டு வாரமாக அங்கே பேச்சாம். அதற்கு முதலில் வருவது படம் எடுக்கும் ஆளும் பெயர் எழுதும் ஆளும். நாங்கள் அச்சு அசலாக அதுபோல் வந்திருக்கிறோம். என் எட்டுப் பை கால்சட்டை மீதி வேலையைச் செய்துவிட்டது.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, நன்னாரி சர்பத் கொடுத்தார். "பாத்துப் பண்ணுங்க சார், என் பலக உள்ளதான் இருக்கு" என்றார். சேகருக்கு உரக்கடையில் ஒருநாளும் கிடைக்காத மரியாதை. முகத்தை இறுக்கிக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினான். நாங்கள் அந்த ஆட்கள் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சர்பத் ஜில்லென்று இருந்தது.

இரண்டாம் நாள் சிதம்பரம் போகலாம் என்று தனியாகக் கிளம்பினேன். சிதம்பரம் என்று பலகை மாட்டிய பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் சீட்டுக் கொடுக்க வந்தபோதுதான் அது சேத்தியாத்தோப்புப் பஸ் என்று தெரிந்தது.

"போர்டுல சிதம்பரம்னு போட்டிருக்கே?"

"அது நேத்து போட்ட போர்டு சார். ஏறுறதுக்கு முன்னாடி கேக்கக் கூடாதா?"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். போர்டைப் படித்துவிட்டு ஏறுகிற ஒருவனை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. சேத்தியாத்தோப்பில் இறங்கி, மசால்வடை இரண்டு தின்று, டீ குடித்து, இன்னொரு பஸ் பிடித்து, மத்தியானம் சிதம்பரம் சேர்ந்தேன். அங்கே இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டேன். அந்தக் கொத்சுக்காக அந்த பஸ்ஸை மன்னித்தேன்.

சிதம்பரத்தில் யாரும் ஓடவில்லை. அதுதான் அங்கே தொந்தரவு. கடலூரில் கேமராவைக் கண்டு ஓடினார்கள், இங்கே கேமராவை நோக்கி வந்தார்கள். கீழ வீதியில் பூ விற்கும் பெண்ணை நெருங்கினேன். கூடையைச் சற்றுத் திருப்பி வைத்து, "இங்க நில்லுங்க சார், கோபுரமும் சேந்து வுழும்" என்றாள். சடையும் திருநீறுமாக உட்கார்ந்திருந்த ஒரு சாமியார் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். நான் லென்ஸ் மாற்றத் தாமதித்தபோது ஒரு கண்ணைத் திறந்தார்.

"படுத்துக்கிட்டு எடுக்கலியா? பாண்டிச்சேரிலேர்ந்து வர்ற வெள்ளக்காரங்க எல்லாம் படுத்துதான் எடுப்பாங்க. அப்பதான் எஃபெக்டு."

படுத்தேன். எஃபெக்ட் வந்தது. மாடு ஒன்று என் எட்டுப் பைகளில் ஒன்றை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அதில் மாமியார் கட்டிக்கொடுத்த முறுக்கு இருந்தது.

மாலை தேர்முட்டி அருகில் சேகரின் போன் வந்தது.

"மாமா, நேத்து நீங்க படம் புடிச்ச அந்தக் கருவாட்டம்மா இருக்குல்ல, அதோட எடம் போயிடுச்சு. நாம அதிகாரிங்க இல்லன்னு தெரிஞ்சிபோயி நம்ம மேல கோவமா இருக்காங்க. வாங்க."

கடலூருக்குத் திரும்பும் வழியில் சேகர் மறுபடி போனில் விளக்கியபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. அந்த மார்க்கெட்டில் ரோட்டோரக் கடைக்குச் சீட்டு இல்லை, பத்திரம் இல்லை. உட்கார்ந்தவருடையது இடம். கடையைக் கட்டிவிட்டுப் போகும்போது ஒரு செங்கல்லோ உடைந்த கூடையோ பழைய செருப்போ வைத்துவிட்டுப் போக வேண்டும். செருப்பு இருந்தால் ஆள் இருந்த மாதிரி. ஒருவரும் தொடமாட்டார்கள். காய்ச்சல், கல்யாணம், கருமாதி எதற்குப் போனாலும் கல் காவல் இருக்கும். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அஞ்சலை கல்லையும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். மறுநாள் அவள் துறைமுகத்தில் சரக்கெடுத்து வருவதற்குள், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பூண்டு மூட்டையோடு வரும் தனம் அந்த மூலையில் சாக்கு விரித்துவிட்டாள். நிழல் இரண்டு மணி வரை நிற்கும் மூலை அது. வாடிக்கைக்காரர்களும் அந்த மூலைக்கு வந்துதான் அஞ்சலையைத் தேடுவார்கள். அதை விட்டால் அவளுக்கு யாவாரம் இல்லை.

மூன்றாம் நாள் அரிசி மண்டி வாசலில் பஞ்சாயத்து. மண்டிக்காரர்தான் அந்தத் தெருவின் சங்கத் தலைவர். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"தனம், நீ என்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் புடுங்கிக்கிலண்ணே. பொங்கலுக்கு அப்பறம் அஞ்சல அந்த மூலையில ஒக்காரவே இல்ல. சாக்கடையோரம்தான் ஒக்காந்தா. மூல காலியாத்தான் கெடந்துச்சு."

"பொய்யி! வாய் அழுவிப் போயிடும்டி!" என்று அஞ்சலை எழுந்தாள்.

மண்டிக்காரர் காதர் பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார். தனத்தின் புருசன்தான் அவருக்கு மொத்த விலையில் கயிறு கொடுக்கிறான் என்று சேகர் என் காதில் சொன்னான். மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவர்களும் யாருடைய கல்லையாவது நகர்த்த வேண்டியிருக்கும், அன்றைக்கு யாரும் சாட்சி சொல்லக் கூடாது.

என் நெஞ்சு நிமிர்ந்தது. சாட்சி என் கையில் அல்லவா இருக்கிறது! அந்தக் காலையில் அஞ்சலை அதே மூலையில் உட்கார்ந்திருந்ததை நான் படமாகவே எடுத்திருக்கிறேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கேமராவின் திரையில் படத்தைக் கொண்டுவந்து மண்டிக்காரரிடம் நீட்டினேன். முதல்முறையாகப் புகைப்படக்கலை ஒரு ஏழைக்கு நீதி வாங்கித் தரப்போகிறது என்று புல்லரித்தது.

மண்டிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கேமராவைத் திருப்பிப் பார்த்தார்.

"இது அஞ்சலதான். மூக்குத்தி நல்லா தெரியுது. எங்க ஒக்காந்திருக்கு?"

"கிடங்கு மூலையில்."

"கெடங்கு எங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். கிடங்கு இல்லை. சன்ஷேடு இல்லை. சுவர் இல்லை. என் உயிரான லென்ஸ் எல்லாவற்றையும் வெண்ணெயாக உருக்கியிருந்தது. அஞ்சலையைச் சுற்றிப் பாலாடை போல ஒரு வெள்ளை, அதில் மஞ்சளாக இரண்டு வட்டம்.

"மேகத்துல ஒக்காந்து கருவாடு விக்கிற மாரி இருக்கு" என்றார் மண்டிக்காரர். வாசல் முழுக்கச் சிரித்தது. மீதி பதிமூன்று படத்தையும் காட்டினேன். பாய் மேகத்தில், சேட்டு மேகத்தில், மெழுகுவத்திக்காரர் மேகத்தில். ஒரு செல்போனில் எவனாவது கைநடுங்க எடுத்திருந்தால்கூடப் படத்தில் சுவர் தெரிந்திருக்கும். நான் மூன்று மாதச் சம்பளத்தில் வாங்கிய லென்ஸால் சுவரை அழித்திருந்தேன்.

நான் கண்ணால் பார்த்தேன் என்றதற்கு, வெளியூர்க்காரன் வாய்ச்சாட்சி செல்லாது என்றுவிட்டார் மண்டிக்காரர். தீர்ப்பு தனத்துக்குப் போனது. அஞ்சலை கூடையைத் தூக்கிக்கொண்டு சாக்கடையோரம் போய் உட்கார்ந்தாள். வெயில் நேராக மண்டையில் அடித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, அந்தப் படம் அட்டகாசமாக வந்திருக்கிறது என்று இரவெல்லாம் பூரித்திருக்கிறேன். அவள் முன்னால் போய் நின்று, என்னால் ஆவது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றேன்.

அவள் கருவாட்டின் மேல் மொய்த்த ஈயை ஓட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அந்தப் படம் நல்லாதான இருக்குது தம்பி? பெருசா போட்டு, பிரேமு கண்ணாடி எல்லாம் வெச்சிக் குடு."

இவ்வளவுக்குப் பிறகும் என் படத்தை ரசிக்கிறாளே! கலைஞனின் தலைக்கனம் சாமானியத்தில் இறங்காது. ஓட்டமாக ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்ப தவறுனாங்க சார்?" என்றார்.

"உயிரோடுதான் இருக்கிறார்."

"அப்படியா! பின்னாடி மேகமெல்லாம் நீங்களே போட்டுட்டீங்க, அதான் கேட்டேன். மத்தவங்க படத்துக்கு நாங்க ஒக்காந்து போடணும்."

சாயங்காலம் பிரேமைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அஞ்சலை இரண்டு கையாலும் வாங்கி, தட்டிப் பார்த்து, கண்ணாடி கெட்டிதானா என்று கேட்டாள். காலையில் ஐந்தரைக்கு வந்து பார் என்று சொன்னாள்.

நான்காம் நாள் சேகரும் நானும் வெளுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கிடங்கு மூலையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். தனம் வைத்துவிட்டுப் போன கல்லுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து, என் படம். அதற்குச் சாமந்தி மாலை. முன்னால் அகல் விளக்கும் ஊதுவத்தியும்.

வெயிலில் உட்கார்ந்தாளே, ஏதாவது ஆகிவிட்டதா, மனம் உடைந்து ஏதாவது செய்துகொண்டாளா? சேகரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கொன்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் முதல் பஸ்ஸில் தனம் வந்து இறங்கினாள். தலையில் பூண்டு மூட்டை. கூட்டத்தைப் பார்த்து வேகமாக வந்தவள், மாலையைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அடியே அஞ்சல! ஒன் வயித்தெரிச்சல கொட்டிக்கிட்டேனே! பதினஞ்சு வருசமா நீ ஒக்காந்த எடம்டி இது! இவுங்க வந்து படம் புடிச்ச அன்னிக்கி வரைக்கும் நீ இங்கதானடி ஒக்காந்த! சாக்கடையோரம் ஒக்காந்தான்னு வாய் கூசாம பொய் சொன்னேனே! ரெண்டு மூட்டயத் தூக்கிக்கினு வெயில்ல கெடக்கறமேன்னு ஒரு நெழலுக்கு ஆசப்பட்டேன்டி, பாவி!"

மண்டிக்காரர் பல் துலக்கிய வாயோடு வெளியே வந்து நின்றார். காதர் பாய் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவே கேட்டது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, கேட்டுக்கினீங்களா? எல்லாரும் கேட்டீங்கல்ல?"

தலையில் கருவாட்டுக் கூடையோடு அஞ்சலை நின்றிருந்தாள். இரண்டு பேர் அலறினார்கள். அதில் ஒருவன் நான்.

தனம் வாயைப் பிளந்தபடி பார்த்தாள். பிறகு தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவள்மேல் எறிந்தாள். "உசுரோட இருக்கிறவ படத்துக்கு மாலயப் போட்டு வெச்சிருக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

"எடம் போனா நான் செத்தவதானடி" என்றாள் அஞ்சலை. "ஒருநாளு முன்னக்கூட்டியே போட்டுக்கினேன். போ, போயி அந்தச் சாக்கடையோரம் ஒக்காரு. நாத்தம் ஜாஸ்தி இல்ல, நான் ஒக்காந்து பாத்துட்டேன்."

மண்டிக்காரர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனார். தனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் கல்லைத் தானே எடுத்துக்கொண்டாள்.

அஞ்சலை விளக்கை ஊதி அணைத்தாள். மாலையைக் கழற்றிக் காதர் பாயின் கயிற்றுக் கட்டுமேல் போட்டாள். சாக்கை விரித்தாள். என் படத்தை எடுத்து, சாக்கின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்து, அதன்மேல் நெத்திலியைக் கொட்டிப் பரப்பினாள்.

"தட்டு மாரி தோதா இருக்குது தம்பி" என்றாள்.

பையிலிருந்த கேமராவை நான் எடுக்கவில்லை. எதிர்க்கடைப் படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு மேல் யாவாரம் சூடுபிடித்தது. நெத்திலி விற்க விற்க, முதலில் அவள் நெற்றி தெரிந்தது. அப்புறம் மூக்குத்தி. ஒன்பதரை வாக்கில் ஒரு கண்.